உள்தாழ்ப்பாள் இல்லாத அறை

கடம்பத்தூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அருணா அக்காவுக்கு,

பூமிகா எழுதுகிறேன். நீயும் ஜெரால்ட் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். அவரை மாமா என்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

இதற்கு முன்னால் என் கையெழுத்தில் ஒரு கடிதம் உனக்கு வந்திருக்கும், இல்லையென்றால் நாளை வரும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், போன் செய்யாமல் நீ மட்டும் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போ என்று இருக்கும். அது பொய். அம்மா நன்றாக இருக்கிறாள். இன்று காலைகூடக் களத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு நடந்துதான் போனாள்.

துளசிராமன் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஒங்க அக்கா ஒன் கையெழுத்தத்தான் நம்புவா, எய்து" என்றார். 'தனியாக' என்ற இடத்தில் நிறுத்தினேன். நைனா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிவிட்டேன்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று நீ யோசிப்பாய். என்னால்தான் அக்கா. என் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பினாயே, சுகந்தவல்லியின் இரண்டாவது நாவல். பார்சலைச் சுற்றி வந்த பழுப்புத்தாளில் உன் கையெழுத்தில் ஓசூர் முகவரி இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிடு என்று உள்ளே எழுதியிருந்தாய். மனசு வரவில்லை. நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து உன் எழுத்தை நான் பார்த்ததேயில்லை. அந்தத் தாளையே திருப்பி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, ஜூன் மாதத்தில் நாம் உட்கார்ந்து போடுவோமே அதே மாதிரி நாவலுக்கு அட்டை போட்டேன். லேபிள் ஒட்டி 'வணிகவியல்' என்று எழுதினேன். இரண்டு மாதம் எல்லார் கண் முன்னாலும் படித்தேன். அம்மா பக்கத்து வீட்டில், "எப்பப் பாரு அந்த ஒரு சப்ஜெக்டையே படிச்சிக்கினு கீறா" என்று பெருமையாகச் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அறுப்பு மிஷின்காரர் போனில் டிரைவர் நம்பர் சொன்னார். சித்தப்பாவுக்கு எழுதிக்கொள்ளப் பேப்பர் வேண்டியிருந்தது. கைக்கு எட்டியது என் புத்தகம். அட்டையை உருவித் திருப்பினார். அப்புறம் நம்பர் எழுதவில்லை. "இன்னாடி, வணிகவியல்ல ஒங்க அக்கா ஊட்டு அட்ரஸ் போட்டுக்கீது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நைனா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாவலை வெந்நீர் அடுப்பில் போட்டார்.

முதல் நாவல் உனக்கு ஞாபகம் இருக்கும். 'மூன்றாம் நடைமேடை'. என் நூலக கார்டில் எடுத்து, கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் படித்து முடித்தாய். அந்த பஸ்ஸில்தான் மாமாவையும் பார்த்தாய். இதில் கதையே இல்லையே என்று நான் சண்டை போட்டேன். வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருக்கிறாள். ஒரே ஒரு மதியம். அவள் மனசில் ஓடுவது மட்டும்தான் புத்தகம் முழுக்க. ரயில் வந்து நிற்கும், அதோடு முடிந்துவிடும். அவள் ஏறியிருக்க மாட்டாள் என்று நீ சொன்னாய். அம்மா கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பாள் என்று நான் அழுதேன். பின்னால் பரிசு வாங்கிய நாவல்களில் சுகந்தவல்லி தைரியமாக எழுதுகிறாள், இந்த முதல் இரண்டை மட்டும் பயந்துகொண்டே எழுதியிருக்கிறாள், அதனால்தான் இவை பிடிக்கின்றன என்றாய். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது 'உள்தாழ்ப்பாள்'. அதே வீடுதான். போனவளுடைய தங்கையின் கதை. எவ்வளவு பக்கம் போனாலும் அவளுக்குப் பெயர் வரவில்லை. அந்த வீட்டில் அவள் நம்புவது தன் அறைக்கு உள்பக்கம் இருக்கும் தாழ்ப்பாளை மட்டும்தான். கடைசிப் பதினைந்து பக்கத்தை நான் படிக்கவில்லை அக்கா. தீர்ந்துவிடக் கூடாது என்று தள்ளிவைத்திருந்தேன்.

நேற்று ஆசாரி வந்தார். நெல் மூட்டை அடுக்கும் பின்னறையைக் காலி செய்துவிட்டார்கள். வியாழக்கிழமை அறுப்பு. அறுப்பு சமயத்தில் மூட்டை அறையை யாராவது காலி செய்வார்களா? ஆசாரி கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் வைத்து முடுக்கினார். "இன்னாண்ணா, பொண்ணு பிரசவத்துக்கு வர்தா?" என்று நைனாவைக் கேட்டார். நைனா தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுத்தார்.

இதை அம்மாவுக்குத் தெரியாமல்தான் எழுத ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். பயத்தில் தாளின் மேல் உட்கார்ந்துகொண்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை. "ஒரு தபா மூஞ்சியப் பாத்துட்டா போதும்னு கீது" என்றாள். அப்புறம், "வரவேணாம்னு எய்து" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இன்னும் தூங்கவில்லை. வளையல் சத்தம் கேட்கிறது.

உன் போன் நம்பர் என்னிடம் இல்லை. நம் ஊரில் தபால் போட்டால் நைனாவுக்குத் தெரிந்துவிடும். என்கூடப் படிக்கிற ரம்யா நாளைக்கு டியூஷனுக்குத் திருவள்ளூர் போகிறாள். அங்கே ஸ்பீட் போஸ்ட்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அடுப்பில் போட்டபோது நாவலின் முதல் தாள் மட்டும் கழன்று வெளியே விழுந்தது. 'என் பூமிக்கு' என்று நீ எழுதிய தாள். உன்னுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இதோடு வைத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை யாரும் சொல்லித்தராமல் நானே எழுதினேன் என்று நீ நம்புவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

இனிமேல் என் கையெழுத்தில் எது வந்தாலும் நம்பாதே. எனக்குக் கல்யாணம் என்று வந்தாலும், எனக்கே ஏதோ ஆகிவிட்டது என்று வந்தாலும் வராதே. சீக்கிரம் வீட்டை மாற்றிவிடுங்கள். புது முகவரியை எனக்குச் சொல்லாதே. மிரட்டிக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

ரயில் ஏறாதே அக்கா. அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி.

நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை