முதலில் சாம்பல் தட்டு

டொலிடோ, ஒஹாயோ
செப்டம்பர் 11, 1989

அன்புள்ள வெர்ன்,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் உன் தங்கை சொல்லியிருப்பாள். விவாகரத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் என்றால் நீ என்னைப் பேசவிடமாட்டாய், அதனால்தான் எழுத்து.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜிடிஓ காரை அக்டோபர் முடிவதற்குள் அப்புறப்படுத்தச் சொல்லி டவுன்ஷிப்பிலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓடாத வண்டி, தெருவிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறதாம். எனக்கும் எட்டு வருஷமாகத்தான் உறுத்துகிறது, யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

பாகம் பிரித்தபோது ஓடுகிற லெமான்ஸை நீ எடுத்துக்கொண்டு அரிசோனா போனாய். உதிரி பாகத்துக்காக வாங்கிப் போட்ட ஜிடிஓ என் பங்குக்கு வந்தது. இரண்டுக்கும் கூடு ஒன்றுதான், இன்ஜின்தான் வேறு. அந்தப் பேய் இன்ஜினையும் நீ முன்னாலேயே கழற்றி லெமான்ஸில் மாட்டிவிட்டாய். மிச்சம் இருப்பது பனிக்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பு தின்ற கூடு. சேஸிஸை விரலால் குத்தினால் உதிர்கிறது. காயலான் கடைக்காரர் வந்து தூக்கிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஏதாவது வேண்டுமென்றால் எழுது. வேண்டாமென்றால் பதில் போட வேண்டியதில்லை.

டோரீன்


டூசான், அரிசோனா
செப்டம்பர் 19, 1989

என் டோரி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கராஜில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

காயலான் கடைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். அதை நாம் வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்று அலுத்திருந்த சமயம். இன்சூரன்ஸ்காரர்கள் வேறு இந்த மாதிரி வேக வண்டி என்றாலே வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் விலை எழுதி நிறுத்திவிட்டு, யாராவது ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்று உட்கார்ந்திருந்தார்கள். சோபா வாங்கக் கிளம்பிய நாம் அந்தப் பணத்துக்கு இடிபட்ட ஜிடிஓவைக் கட்டி இழுத்து வந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அதன் பின்சீட்டைத்தான் முன்னறையில் போட்டு உட்கார்ந்தோம். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "பெல்ட்டு போட்டுக்கணுமா மாப்ள?" என்று கேட்டாரே, அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். சாம்பல் தட்டு நன்றாக இருந்தால் அனுப்பு. என்னுடையதில் மூடி உடைந்துவிட்டது. நேரம் கிடைத்தால் ஓட்டுகிற பக்கத்து ஜன்னல் கைப்பிடியும். இந்தப் பாலைவனத்தில் துரு பிடிக்காது, ஆனால் பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் அப்பளமாக நொறுங்குகிறது.

உன் கை பட்டால் எப்பேர்ப்பட்ட போல்ட்டும் கழன்று வரும். அதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அன்புடன்
வெர்ன்


டொலிடோ
அக்டோபர் 2, 1989

அன்புள்ள வெர்ன்,

சாம்பல் தட்டையும் கைப்பிடியையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இன்ஜின் சுற்று காட்டும் மீட்டர் பானெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்குமே, அதையும் கழற்றிச் சேர்த்திருக்கிறேன். நீ கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

அதைக் கழற்றும்போது ஆஸ்ஸி பிராண்ட்டின் காயலான் கடை ஞாபகம் வந்தது. எதற்காக வந்திருக்கிறோம் என்று அங்கே முகத்தில் காட்டக் கூடாது என்பது உன் சட்டம். காட்டினால் விலை ஏறிவிடும். முதலில் ஒரு வீல் கப் கேட்பாய். அப்புறம் வைப்பர் இருக்கிறதா என்பாய். அவருடைய நாயைக் கொஞ்சுவாய், மருமகளை விசாரிப்பாய். எல்லாம் முடிந்து கேட்டருகில் வந்த பிறகு, அப்போதுதான் நினைவு வந்தவன் மாதிரி, "ஆமா, அந்த மூலையில ஒரு கார்புரேட்டர் கெடந்துச்சே, அதையும் போட்டுக் குடுங்களேன்" என்பாய். மாதக்கணக்கில் நாம் தேடி அலைந்தது அதைத்தான். வெளியே நிற்கிற மற்ற வண்டிக்காரர்கள் கண்ணில் படாமல் அதை என் கோட்டுக்குள் வைத்து நடத்திக்கொண்டு போவாய். ஒரு தடவை ஆஸ்ஸி, "எத்தனை மாசம்மா? பெட்ரோல் வாடை அடிக்குதே" என்றார். நீ சிரித்த சிரிப்பில் வண்டியை எடுக்கவே கொஞ்ச நேரமானது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திறந்த கதவுக்கடியில் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து, முகத்தில் துரு கொட்டக் கொட்ட அந்த ஜன்னல் கைப்பிடியோடு மல்லுக்கட்டியது எனக்குப் பிடித்திருந்தது. தொழிற்சாலைக்கு அன்று தாமதமாகத்தான் போனேன். அடுத்து என்ன வேண்டும், எழுது.

டோரீன்


டூசான்
அக்டோபர் 12, 1989

என் டோரி,

பார்சலைப் பிரித்தேன். சாம்பல் தட்டைத் துடைத்துக்கூட அனுப்பியிருக்கிறாய். மீட்டரைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, சத்தியமாக.

இங்கே சனிக்கிழமைகளில் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிறோம். எல்லாரும் பெண்டாட்டி திட்டுவதைப் பற்றிப் புலம்புவார்கள். என் பெண்டாட்டி வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸை வயிற்றில் தாங்கியவள் என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. "அப்படிப்பட்டவள எதுக்குய்யா விட்டே?" என்று ஒருவர் கேட்டார். நான் காபி குடித்தேன்.

ஒன்று தோன்றியது. நவம்பரில் நன்றியறிதல் நாள் விருந்துக்கு நான் அங்கே வரட்டுமா? விமானம் வேண்டாம், லெமான்ஸிலேயே வருகிறேன். நீயும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். வான்கோழியோடு உன் அம்மா கைப்பக்குவத்தில் கறி அடைத்த முட்டைக்கோஸ் சுருளையும் செய்வாயா? இந்த ஊரில் அதைக் கேட்டால் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

எப்போதும் உன்
வெர்ன்

பி.கு.: மறந்தே போனேன். வண்டியைத் தூக்குவதற்கு முன்னால், முன்கண்ணாடிக்கு அடியில் எண் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்குமே, அதைப் பெயர்த்து வைத்துக்கொள். ஆணி உடைந்தால் உடையட்டும், அதே மாதிரி கம்பெனி அடிக்கிற பூத்தலை ஆணி இங்கே ஒருவரிடம் கிடைத்துவிட்டது. அப்படியே அந்த வண்டியின் பத்திரத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டுவை. சும்மா, ஒரு ஞாபகத்துக்கு.


டொலிடோ
அக்டோபர் 23, 1989

வெர்ன்,

உன் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடையிலேயே நின்று படித்தேன். நீ வருகிறாய் என்ற இடம் வரை படித்துவிட்டு ஒரு மேசை விரிப்பு வாங்கினேன். பி.கு.வை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

நான் ஆஸ்ஸி பிராண்ட் இல்லை. முதலில் சாம்பல் தட்டு, அப்புறம் கைப்பிடி, அப்புறம் என் அம்மாவின் முட்டைக்கோஸ் சுருள், கேட்டருகில் வந்ததும் தகடு. இந்த வரிசை எனக்குத் தெரியாதா? உன் பக்கத்தில் நின்று கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவளே நான்தானே.

அந்த எண் 242-இல் தொடங்கினால் ஜிடிஓவாகவே பிறந்த வண்டி. உன்னுடையது 237, வெறும் லெமான்ஸ். உன் வண்டியில் இந்தத் தகட்டை அடித்து, இந்தப் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டால் அது ஒரே நாளில் ஜிடிஓ ஆகிவிடும். அன்று தூக்கிப் போட்ட வண்டிகளுக்கு இன்று என்ன கிராக்கி என்று நானும் பத்திரிகையில் பார்க்கிறேன். வாங்க ஆள் தயாராக இருக்கிறார், இல்லையா? ஞாபகத்துக்காக யாரும் பூத்தலை ஆணி தேடிக்கொண்டு அலைய மாட்டார்கள்.

அது மோசடி, மாட்டினால் ஜெயில். அது உன் பாடு. என்னை உறுத்துவது வேறு. நீ எனக்காக வருகிறாய் என்று நினைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை காயலான் கடைக்காரர் வந்தார். தகட்டோடுதான் ஏற்றிவிட்டேன், பத்திரத்தையும் கொடுத்துவிட்டேன். அமுக்குகிற இயந்திரத்தில் போடுகிறவரை அங்கேயே நின்று பார்த்தேன். இனி இந்த வீட்டில் உன் வண்டிக்கு ஆகிற பொருள் ஒன்றுமில்லை. அப்படியும் வருவதாக இருந்தால், விருந்து நாள் வியாழக்கிழமை, இரண்டு மணிக்குச் சாப்பாடு. வா.

டோரீன்


டூசான்
நவம்பர் 3, 1989

டோரி,

நீ சொன்னது சரி. சான் டியேகோவில் ஒரு பல் டாக்டர். ஜிடிஓ என்றால் எடுத்துக்கொள்வார், லெமான்ஸ் என்றால் வேண்டாமாம். உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. கராஜில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் விட்டெறிந்தேன். ஒரு தகட்டை அநியாயமாக நசுக்கிவிட்டாளே என்று எல்லாரிடமும் உன்னைத் திட்டினேன்.

அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை. இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் அப்படி ஒன்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எனக்குத் தகடும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். விருந்து வாரத்து ஞாயிற்றுக்கிழமையே கிளம்புகிறேன். வியாழன் இரண்டு மணிக்கு உன் மேசையில், புது விரிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்காகத்தான் வருகிறேன். வேறெதற்கும் இல்லை.

வெர்ன்


ரோலா, மிசூரி
நவம்பர் 25, 1989

என் அருமை டோரி,

நீ கோபமாக இருப்பாய். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

புதன்கிழமை இங்கே பெட்ரோல் போட நிறுத்தினேன். போடுகிறவர் பானெட் மீட்டரைப் பார்த்துவிட்டு, "ஜிடிஓவா சார்? எங்க மச்சான் கொட்டகையில ஒண்ணு கெடக்கு. கோழிதான் குடியிருக்கு" என்றார். போகிற வழிதானே, ஒரு எட்டு பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன். மச்சான் ஊரில் இல்லை, மறுநாள்தான் வருவாராம். இரவோடு இரவாக உன்னிடம் வந்திருக்கலாம். ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து இன்னொருவரும் அதைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நான் நகர்ந்தால் போயிற்று என்று உனக்கே தெரியும்.

வியாழன் மத்தியானம் மச்சான் வந்தார். நல்ல மனுஷன். "விருந்து நாள்ல வந்திருக்கீங்க, சாப்பிடாம எப்படி? சாப்ட்டுட்டே தொறந்து காட்டறேன்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவர்கள் வான்கோழி உன்னுடையது மாதிரி வராது, சவசவ என்று இருந்தது. போனுக்கு எழுந்தால் எங்கே போகிறேன் என்று கேட்பார்கள், ஸ்பிரிங்ஃபீல்டுகாரர் வேறு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் நான் விளக்குக் கண்ணாடிதான் கேட்டேன்.

கூடு துருவேறிப் போய்விட்டது டோரி, ஆனால் தகடு இருக்கிறது. 242! பத்திரமும் இருக்கிறது. இரண்டும் என் சட்டைப்பையில்தான். டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன். அவரிடம் வண்டியை விட்டுவிட்டு நேராக உன்னிடம் வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிச்சயம். முட்டைக்கோஸ் சுருளை பிரிட்ஜில் வை, அது கெடாது.

உன் வெர்ன்


டொலிடோ
நவம்பர் 30, 1989

வெர்ன்,

உன் கடிதம் வந்தது. நீ உயிரோடு இருப்பது தெரிந்து நிம்மதி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழன் இருட்டுகிறவரை நான் சாப்பிடவில்லை. வழியில் பனி கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் தங்கைக்குப் போன் செய்தேன், நீ ஞாயிறே கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். அப்புறம் இண்டியானா நெடுஞ்சாலைப் போலீஸ், இல்லினாய், கடைசியில் மிசூரி. எல்லாருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். வண்டி என்ன என்று கேட்டார்கள். வருஷம், நிறம், பின்பக்க ஒடுக்கு எங்கே என்பது வரை சொன்னேன். மிசூரிக்காரர் எழுதிக்கொண்டே, "ஓட்டறவர் உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டார். "தெரிஞ்சவர்" என்றேன்.

வண்டியா நானா என்று உன்னிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரில் எல்லாரும் நான் அப்படிக் கேட்டதால்தான் நீ போய்விட்டாய் என்று பேசிக்கொண்டார்கள். நீயும் அப்படியே சொல்லித் திரிந்தாய். பதில் என்னவாக இருக்கும் என்று பயந்துதான் நான் கேட்கவேயில்லை. எனக்கு வலிக்கிறது, வெர்ன். ஆனால் உன்மேல் கோபம் வரவில்லை. அந்த மேசையில் நீ விளக்குக் கண்ணாடி கேட்டிருப்பதை என்னால் இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

தகட்டை நீ எதில் வேண்டுமானாலும் அடித்துக்கொள். டாக்டரிடம் நான் சொல்லப்போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வராதே. இனி எனக்குக் கடிதமும் எழுதாதே. எழுதினால் பிரித்துப் படிப்பேன், அதனால்தான் சொல்கிறேன்.

டோரீன்