பொட்டு வைக்க இடமில்லாத டேப்

அக்டோபர் 4, சனி

எனக்குக் காமாலை இல்லை. இருந்ததும் இல்லை. வெண்ணந்தூரிலிருந்து நாத்தனார் கந்தம்மாள் கொடுத்தனுப்பிய கீழாநெல்லிக் கட்டு சமையலறை மூலையில் வாடிக்கொண்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பாவாயி அதை ஆட்டுக்குப் போடட்டும். இன்று காலையில் பால்காரர்கூட, கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறதா என்று விசாரித்தார். வாசலில் நின்று அவருக்கும் கண்ணைக் காட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஆயுத பூஜையன்று பாவாயி வீட்டில் ஓடுவது, வெட்டுவது, அரைப்பது எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாள். கிரைண்டர், மோட்டார் சுவிட்ச், அரிவாள்மனை, அவர் விட்டுப்போன ஸ்கூட்டர். பெங்களூரிலிருந்து மகன் சந்தோஷ்குமார் வாங்கி வந்த டேப்லெட், இவர்கள் பாஷையில் டேப், அதுவும் கருவிதானே? அதன் நெற்றியில், நட்டநடுவில், கட்டைவிரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம். கேமரா அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் நான் முந்தானையால் துடைத்தேன். பொட்டு போயிற்று, சந்தனத்தின் மஞ்சள் படலம் நின்றுவிட்டது. அந்தப் படலத்தின் வழியாக என்னைப் பார்த்த சந்தோஷ் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அத்தையிடம் சொல்லியிருக்கிறான். கந்தம்மாளிடம் சொன்னால் ராசிபுரம் தாலுகாவுக்கே சொன்ன மாதிரி.

இந்த நாட்டில் விற்க வருகிறவர்கள் எந்தக் கருவியிலும் பொட்டு வைக்க ஓர் இடம் விட வேண்டும். பீரோவில் இருக்கிறது, லாரியில் இருக்கிறது, இதில் மட்டும் இல்லை. முடியாவிட்டால் கேமராவுக்கு ஒரு கதவாவது வையுங்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சந்தோஷ் கூப்பிட்டான். வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்ணை விரித்துக் காட்டினேன். நாக்கையும் நீட்டச் சொன்னான். எழுபத்து நான்கு வயதில் மகனுக்கு நாக்கு நீட்டினேன். காமாலை இல்லை என்று ஒப்புக்கொண்டான். அதோடு விட்டானா?

தனியாக இருந்தது போதுமாம், பெங்களூருக்கே வந்துவிட வேண்டுமாம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்தப் பேச்சு அவ்வப்போது வரும். மழை பிடித்திருக்கிறது, மஞ்சளுக்குக் களை எடுக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவேன். இந்தத் தடவை அவன் குரல் வேறாக இருந்தது. இழுத்துப் பிடித்துக் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தினமும் காலை ஏழு மணிக்கு அவன் கூப்பிடுவான், நான் எடுத்து முகம் காட்ட வேண்டும்.

"ஒரு நாள் எடுக்கலைன்னாலும் வண்டியெடுத்துட்டு வந்துருவேன். அப்பறம் பேச்சே இல்லைங்கம்மா."

சரி என்றேன். கான்வென்ட்டில் 'பிரசன்ட், சிஸ்டர்' சொல்லி வளர்ந்தவள். ஒரு நாளும் தவறியதில்லை.

பத்தாவது மாடியில் எனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். நல்ல அறைதான். மருமகள் மைதிலி திரைச்சீலைகூட மாற்றியிருக்கிறாள். ஆனால் அங்கே நான் விருந்தாளி. காபி எப்போது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே சாவி என் இடுப்பில் இருக்கிறது, மஞ்சள் காட்டுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்பதை நான் சொல்கிறேன். இதெல்லாம் இப்போது ஒரு கண்ணாடிப் பலகையின் தயவில் நிற்கிறது.

பழைய பட்டன் போன் இருந்தால் கவலையில்லை. டேப் வந்த அன்றே அதன் சிம்மைக் கழற்றி இதில் போட்டு, போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எல்லாம் ஒன்றிலேயே இருக்கட்டும் என்றான். பின்வாசல் இல்லாமல் யாராவது வீடு கட்டுவார்களா?

அக்டோபர் 9, வியாழன்

இதைச் செய்தவர்கள் யாரும் இதைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. ஓரத்தில் விரல் பட்டால் பக்கம் திரும்புகிறது, படாமல் பிடித்தால் நழுவுகிறது. சிலேட்டுக்கு மரச்சட்டம் போட்டவனுக்கு இருந்த யோசனை இவர்களுக்கு ஏன் இல்லை? சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். இத்தனை விலை வாங்கினார்களே, நிற்பதற்கு ஒரு கால் கொடுக்கக் கூடாதா?

படுத்துக்கொண்டு படிக்கவும் ஆகாது. நேற்று முகத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி தப்பியது, மூக்கு தப்பவில்லை. காலையில் சந்தோஷ் மூக்கில் என்ன சிவப்பு என்று கேட்டான். கொசு என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஏழு மணி. பிரசன்ட்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிக்கு வந்தவர்கள் நேற்றுக் கிளம்பிப் போனார்கள். சந்தோஷ் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான், என்னைப் பார்த்துப் பேசினான். இன்று மறுபடி கண்ணாடிக்குள் போய்விட்டான்.

"என்னைப் பாத்துப் பேசுங்கம்மா" என்கிறான். அவனைத்தான் பார்க்கிறேன். ஆனால் நான் அவன் கண்ணைப் பார்த்தால், அவனுக்கு நான் வேறெங்கோ குனிந்து பார்ப்பதாகத் தெரிகிறதாம். மேலே இருக்கும் துளையைப் பார்த்தால் அவனுக்குத் திருப்தி, எனக்கு அவன் தெரிவதில்லை. யாராவது ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் இதற்குப் பெயர் முகம் பார்ப்பதா? கேமராவைத் திரைக்கு நடுவில், எதிராளியின் முகத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. அது அவர்கள் வேலை.

இன்று துளையைப் பார்த்தே பேசினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இரவோடு இரவாக டேப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் பார்த்தால் ஒரு படமும் பழைய இடத்தில் இல்லை. யாராவது வீட்டுக்குள் புகுந்து அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்தால் போலீசுக்குப் போக மாட்டோமா?

முன்பு அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தைத் தட்டினால் போதும். இப்போது அதை மேலே தள்ள வேண்டும். நல்லவேளை, மணி அடித்து நிற்பதற்குள் கண்டுபிடித்தேன். எனக்கு வியர்த்தது சந்தோஷுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

குளிர் வந்துவிட்டது, என் விரலுக்கும் டேப்புக்கும் சண்டை வந்துவிட்டது. நான் தள்ளுகிறேன், அது என்னைக் கண்டுகொள்வதில்லை. தோல் காய்ந்துபோனால் அப்படித்தானாம். மைதிலி சொன்னாள். போன வருஷம் பென்ஷனுக்காக, உயிருடன் இருக்கிறேன் என்று ரேகை வைக்கப் போனபோதும் இதே கதை. அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கும் என்னை அந்த இயந்திரம் உயிருள்ளவள் என்று ஏற்கவே இல்லை.

வயதானவர்கள் விரலும் விரல்தான் என்று இவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகிற மாதிரி ஒரே ஒரு பட்டன் போதும். எடுக்க அது ஒன்று.

நோட்டு எண்ணுகிற கேஷியர்கள் வைத்திருப்பார்களே, அதைப் போல ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து விரலை நனைத்துக்கொள்கிறேன். வேலை செய்கிறது. பாவாயி பார்த்துவிட்டு, "பொட்டியச் சாமின்னு நெனச்சுத் தீர்த்தம் வெச்சுட்டீங்களா?" என்றாள்.

டிசம்பர் 18, வியாழன்

தவறிவிட்டேன்.

இல்லை — நான் தவறவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன், ஏழுக்கு முன்பே. மணி அடித்தது. விரலை நனைக்கப் போன அவசரத்தில் கிண்ணம் கவிழ்ந்து தண்ணீர் டேப்பின் மேலேயே கொட்டியது. காய்ந்த விரலையும் ஏற்காது, நனைந்த திரையையும் ஏற்காது! தள்ளுகிறேன், தள்ளுகிறேன், போகவே மாட்டேங்குது. துடைத்தேன். நின்றுவிட்டது. நானே கூப்பிடலாம் என்று பார்த்தால் பூட்டிக்கொண்டது. பூட்டைத் திறக்கிற கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டேனாம், பிறகு முயல வேண்டுமாம். மறுபடி மணி. மறுபடி. திரை முழுக்க அவன் போட்டோ. அவன் கூப்பிடுவது எனக்குத் தெரிகிறது, நான் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. இருக்கிறேன் சாமி, இருக்கிறேன் என்று அந்தக் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன பிரயோஜனம்?

பிறகு கொல்லையில் தொம் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக் கதிர்வேல், போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவன், சுவரேறிக் குதித்திருக்கிறான். கையில் கடப்பாரை. சந்தோஷ் அவனுக்கு போன் பண்ணியிருக்கிறான். பின்னாலேயே அவன் வண்டியில் வேலை செய்கிற ஆட்கள்.

"ஏனுங் பெரியம்மா, நல்லாத்தான இருக்கறீங்க?" என்றான். முகம் வெளுத்திருந்தது. டேப்பை வாங்கி, தன் விரலால் ஒரு தள்ளு. உடனே திறந்துகொண்டது. அந்தக் கணம் அதைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

உள்ளே சந்தோஷ் தெரிந்தான். ஏற்கெனவே காரில் இருந்தான்.

அதே நாள், சாயங்காலம்

மத்தியானம் சந்தோஷும் மைதிலியும் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னான் அவன். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றேன். ரசமும் அப்பளமும்தான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

நடந்ததைச் சொன்னேன், கிண்ணம் உட்பட. குற்றம் கருவியுடையது, என்னுடையது அல்ல என்பதை வரிசையாக எடுத்துச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நீங்க எடுக்கலைன்னா எனக்கு ஒரே ஒரு காரணந்தாம்மா தோணுது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் போன அன்று விடியற்காலையில் இவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் உள்ளே போன் கொண்டுபோக விடவில்லை. என் பை வெளியே இருந்தது, பைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கதிர்வேல் சொல்லித்தான் தகப்பன் போனது இவனுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் இதை அவன் என்னிடம் ஒரு முறையும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

மைதிலி சொன்னாள்: "விடிஞ்சதும் போனக் கையில வெச்சுட்டு உக்காந்துக்கறாருங்க அத்தை. ஏழாகி உங்க மொகத்தப் பாக்கற வரைக்கும் டீகூடக் குடிக்கறதில்லை."

நான் அதை வருகைப் பதிவு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தோன்றியது. "இனி நீ கூப்பிடாத சாமி. நான் கூப்பிடறேன்."

அவனுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். மணி அடிக்கிற அவசரத்தில் எடுப்பதுதான் எனக்குக் கஷ்டம். நானே கூப்பிடுவதென்றால் நிதானமாக விரலைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தரம் தப்பானால் மூன்றாம் தரம் போடுவேன். விழித்ததும் போடுவேன், ஏழு வரை காத்திருக்க வேண்டாம். காத்திருந்து பயப்படுகிற வேலை அவனுக்கும் வேண்டாம்.

"ஒரு நாள் வரலைன்னா?" என்றான்.

"வரலைன்னா நீ வந்து கூட்டிட்டுப் போ. அப்ப நான் பேச மாட்டேன்."

அவன் மைதிலியைப் பார்த்தான். அவள் எழுந்துபோய்த் தன் கைப்பையிலிருந்து என் பழைய பட்டன் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். வேறு சிம் போட்டுத் தருவதாகவும், டேப் தகராறு செய்கிற அன்று இதில் கூப்பிடலாம் என்றும் சொன்னாள். தூக்கிப் போடச் சொல்லி இவன் கொடுத்ததை அவள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். மருமகளைப் பற்றி இந்த நோட்டில் முன்பு எழுதிய சிலவற்றை நான் மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

சந்தோஷ் ரசம் இன்னொரு கரண்டி கேட்டான். வந்து சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

டிசம்பர் 20, சனி

காபி குடித்துவிட்டு டேப்பிலேயே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். சவரம்கூடப் பண்ணவில்லை. அதைச் சொன்னேன்.

டிசம்பர் 24, புதன்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இந்த மணிச்சத்தம் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவை மைதிலி எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "தூங்கறாருங்க அத்தை. இந்த நேரத்துல இவரு தூங்கிப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க. எழுப்பட்டுங்களா?"

வேண்டாம் என்றேன்.

ஜனவரி 5, திங்கள்

டேப் கம்பெனிக்குக் கடிதம் எழுதி இன்று பதிவுத் தபாலில் சேர்த்தேன். நகல்:

ஐயா, உங்கள் டேப்பை நான் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் செய்ய வேண்டிய திருத்தங்களைத் தனித்தாளில் காரணங்களோடு எழுதியிருக்கிறேன். நேரம் இல்லையென்றால் கடைசியில் உள்ளதை மட்டுமாவது படியுங்கள். அதை இங்கேயும் எழுதுகிறேன்.

நான் தினமும் காலையில் வெளியூரில் இருக்கும் என் மகனைக் கூப்பிடுகிறேன். சில நாட்களில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவனை எழுப்ப எனக்கு விருப்பமில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. ஆகவே, மணி அடிக்காமல் என் முகத்தை மட்டும் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வர ஒரு வழி வேண்டும். கண் விழித்ததும் அவன் வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால் அது தெரிய வேண்டும். நான் பேச வேண்டியதில்லை. காபி குடித்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்பது பார்த்தாலே அவனுக்குத் தெரியும். இது பெரிய காரியமாக இருக்காது என்று நம்புகிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள்.

பில்லில் இருக்கும் பெங்களூர் முகவரி என் மகனுடையது. நான் அங்கே இல்லை. நான் வசிப்பது நாமகிரிப்பேட்டையில், உறையின் பின்புறம் எழுதியிருக்கும் முகவரியில். உங்கள் பதிலை எழுத்தில், தபால் மூலம், அந்த முகவரிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— சாரதாமணி