நீ எழுதிய வூடு

என் கண்ணு குமரேசா,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறாள் அம்மா. திட்டாமல் வேறென்ன செய்வது? பேய்க்கதையை ஐந்து படக்கதைப் புத்தகங்களாக எழுதினாய், நான் படம் போட்டேன். கதையில், சென்னை அடுக்குமாடியில் தனியாக இருக்கும் செல்வியின் கதவைத் தினமும் யாரோ தட்டுகிறார்கள். குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. அது யாரென்று எனக்குக்கூடச் சொல்லாமல் போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் நீ காய்ச்சலோடு கிடந்தபோதும் கேட்டேனே, "யார்றா அது?" என்று. "ஆறாவது புக்குல பாருக்கா. உனக்குத் தெரிஞ்சா படத்துல காட்டிக் குடுத்துருவ" என்றாய். மூன்றாம் நாள் நீ இல்லை. படம் போடுகிறவளிடமே மறைக்கிற அளவுக்கு அப்படி என்ன மர்மம் வேண்டிக்கிடக்கிறது?

போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டியில் நம் பிளெக்ஸ் கடைக்கு ஒரு காலேஜ் பெண் வந்தாள். அண்ணன் கல்யாணத்துக்குப் பேனர் சொல்ல வந்தவள், நான் யாரென்று தெரிந்ததும் பேனரை மறந்துவிட்டாள்.

"அக்கா, அஞ்சு புக்கையும் மூணு வாட்டி படிச்சுட்டேங்க. ஒரு துப்புகூட இல்லீங்களே. இது ஏமாத்து வேலைங்க."

எனக்குச் சுருக்கென்றது. உன்னை ஏமாற்றுக்காரன் என்கிறாள்.

அன்றே உன் கையெழுத்து நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தின் நோட்டில் கதவுக்கு வெளியே குரல்: "வூட்டுல யாருங்க?" ஐந்து நோட்டிலும் அதே நம்மூர் 'வூடு'தான். கதையில் மற்ற எல்லாரும் படித்த சென்னை அடுக்குமாடிக்காரர்கள், 'வீடு' என்றுதான் பேசுகிறார்கள். செல்வியும் சென்னையிலேயே பிறந்தவள் என்று சொல்லிக்கொள்கிறாள். ஐந்தாவதில் பயத்தில் ஒரே ஒரு முறை அவளுக்கு வாய் தவறுகிறது: "என் வூட்டுல யாரும் இல்ல."

அச்சான புத்தகத்தில் ஓரிடத்திலும் வூடு இல்லை. படத்துக்குள் வசனத்துக்கு எழுத்துப் போட்டவளும் நான்தான். பேனரில் பிழை பார்த்துப் பழகிய கை, அத்தனையையும் வீடு ஆக்கிவிட்டது.

ஒரு தடவை நீ சொன்னாய், "அக்கா, நான் எழுதுனபடியே போடேன்." நான்தான் பாய்ந்தேன். "வூடுன்னு அச்சுல போட்டா பட்டிக்காட்டானுங்கன்னு சிரிப்பாங்கடா." நீ டீ வாங்கப் போய்விட்டாய். ஏன்டா என்னோடு சண்டை போடவில்லை? ரகசியம் உடைந்துவிடும் என்றா? அதற்காக உன் கதையையே நான் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாயா?

நாள் முழுக்க வூடு, வூடு என்று பேசுகிறவள்தான் நான். எழுதும்போது மட்டும் எனக்கென்ன வெட்கம்? உன் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருப்பதுதான் அதிகம். செல்வியை நீ யாரைப் பார்த்து எழுதினாய்?

கதவைத் தட்டுவதும் செல்விதான். ஊரில் அவள் விட்டுவிட்டு வந்த செல்வி. சரிதானா, குமரேசா?

ஐந்து புத்தகத்துக்கும் மறுபடி எழுத்துப் போடப்போகிறேன். முதல் பிரதி அந்தப் பெண்ணுக்கு. ஆறாவதை நானே எழுதி முடிப்பேன், அதில் செல்வி கதவைத் திறப்பாள். உன் வார்த்தையில் ஒன்றைக்கூட இனி திருத்த மாட்டேன்.

நம் வூட்டிலிருந்து,
உன் அக்கா வாசுகி