உன் அம்மா வண்டி எடுக்கிற பக்குவம்

கொட்டச்சேடு,
12-12-1999.

அன்பு மகள் அமுதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று சேர்வராயன் சாமியை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது, பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே காப்பிப் பழம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், எல்லா எஸ்டேட்டிலும் ஆள் பற்றாமல் வாழவந்தியிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் வண்டி வைத்துக் கூட்டிப் போகிறார்கள். காலையில் ஒன்பது மணி வரை பனி மூடிக்கொண்டு எதிரில் வருகிற பஸ் தெரிவதில்லை. உன் ஆஸ்பத்திரியில் ஏசி நொம்ப அதிகம் என்று எழுதியிருந்தாய், நான் அனுப்பிய ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

தாமதத்துக்குக் காரணம் வேலை இல்லை கண்ணு. எழுத வேண்டிய விஷயம் அப்படி. உன் கடிதத்தில் அம்மா கார் ஓட்டுவதைப் பற்றி பதினோரு வரி எழுதியிருந்தாய், உன்னோடு தங்கியிருக்கிற பெண்கள் எல்லோரிடமும் சொன்னாயாம், அம்மா காரோடு நிற்கிற போட்டோ ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு ஒரு வரி, அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நான் எண்ணிப் பார்த்தேன். பெற்ற மகள் எழுதிய வரியை எண்ணுகிற அளவுக்கு அப்பன் வந்துவிட்டான் என்று நினைப்பாய், நினைத்துக்கொள். இருபத்திரண்டு வருஷம் இந்த மலையில் வண்டி ஓட்டியிருக்கிறேன், முதலில் எஸ்டேட் ஜீப், பிறகு அம்பாசிடர், இப்போது இந்த மாருதி. காரோடு நிற்கிற என்னை ஒருவரும் போட்டோ எடுத்ததில்லை, நீயும் கேட்டதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் வண்டி சும்மா நின்றபோது அம்மா சேலத்துக்குப் போய் வந்து டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினது உனக்குத் தெரியும். அப்போது எனக்கும் சந்தோஷம்தான். சனி ஞாயிறு டூரிஸ்ட் சவாரி எனக்கு, மற்ற நாள் உள்ளூர் சவாரி அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஆனால் வாழவந்தி ரைட்டர் பெரியண்ணன் ஐயா மட்டும் என்றைக்கும் என் சவாரி. எஸ்டேட்டில் அவர் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்த காலத்திலிருந்து என்னைத் தவிர வேறு வண்டியில் ஏற மாட்டார். ஆனி மாதம் அவருக்கு முதுகில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள், செவ்வாய்க்கிழமை தோறும் சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், உன் அம்மா கூட்டிப்போனாள். அன்று மேலே ஏறி வரும்போது வளைவுக்கு வளைவு நின்று நின்று வர வேண்டியதாகிவிட்டது, ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் அது குதித்த குதியில் ரைட்டர் ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாராம். உன் அம்மா வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. ஏனுங்க, நீங்க எடுத்தாலும் இப்பிடித்தானுங்களே குதிக்குது, அந்த மனுசன் உங்ககிட்டச் சொல்லாம பொறுத்துக்கிட்டு இருந்திருக்காருங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மேட்டில் வண்டி எடுத்தால் ஒரு குதி குதிக்கத்தான் செய்யும், அது மலை, சேலத்து ரோடு இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அவள் விடவில்லை. மறுநாளே வண்டியைச் சேலத்தில் மரியஜோசப் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். தேய்ந்த கிளட்ச் பிளேட்டை மாற்றி, கிளட்சுக்குப் புது கேபிள் போட்டு, பெடலைக் கடைசி வரை விட்ட பிறகு வெடுக்கென்று பிடித்துக்கொண்டிருந்ததைப் பாதியிலேயே மெதுவாகப் பிடிக்கிற மாதிரி அவர் திருகி வைத்தார். ஆக்சிலேட்டர் கேபிள் கார்புரேட்டரில் ஒரு சின்ன இரும்புக் கையை இழுக்கும், அந்தக் கை குட்டையாக இருப்பதால் காலை லேசாக வைத்தாலே இன்ஜின் சீறுகிறது என்று சொல்லி, அதோடு ஒரு தகடு சேர்த்து நீளமாக்கி, கேபிளை நுனி ஓட்டையில் மாட்டினார். ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் இருந்த ரப்பர் கட்டையைக் கழற்றி, மிதி கொஞ்சம் ஆழமாகப் போக வழி செய்தார். அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து என்னிடம் ஆசையாகச் சொன்னாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அடுத்த செவ்வாய் ரைட்டர் ஐயாவை அவளே கூட்டிப்போனாள். திரும்பி வந்து இறங்கும்போது அவர், வாசலில் காத்து நின்ற என்னிடம், சென்றாயா, இனிமே வேலம்மாளே வரட்டும், உனக்கு எதுக்குச் சிரமம் என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பார். அதுதான் தாங்கவில்லை. அவர் சம்சாரம் உன் அம்மாவுக்கு மிளகு ஒரு பை கொடுத்தனுப்பினார், எனக்கு இத்தனை வருஷத்தில் காப்பி கொடுத்ததோடு சரி. ஏரிக்கரை ஸ்டாண்டில் சின்னத்தம்பி, என்னை விடப் பத்து வருஷம் சர்வீஸ் குறைந்தவன், அக்கா, என்ற வண்டியையும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன் என்று அவளிடம் போய் நிற்கிறான். அதே வாரம் சனிக்கிழமை நான் வண்டியை எடுத்தேன். என் கால் பழைய பழக்கத்துக்குப் போகிறது, வண்டி புதுப் பழக்கத்துக்குப் போகிறது, ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் மூன்று தடவை ஆஃப் ஆகி நின்றது. ஏண்ணா, அக்காளைக் கூப்பிடட்டுமா என்று சின்னத்தம்பி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் வண்டி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு குதியாவது வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன் கண்ணு. வரவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் உன் பதினோரு வரி வந்து சேர்ந்தது.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. நவம்பர் பதினைந்து, திங்கட்கிழமை மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பானட்டைத் திறந்து ஆக்சிலேட்டர் கேபிளை மறுபடி பழைய ஓட்டையில் மாட்டினேன். கிளட்ச் கேபிளையும் பழையபடி கடைசியில் பிடிக்கிற மாதிரி திருகிவிட்டேன். இது என் வண்டி, என் காலுக்குத் தகுந்த மாதிரி வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம் அல்லவா. சொல்லவில்லை. மறுநாள் செவ்வாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

காலையில் அவள் வண்டியை எடுத்ததும் அது குதித்தது. திரும்பி, ஏனுங்க, இன்னிக்கு ஒரு மாதிரி குதிக்குதுங்களே என்றாள். பனிக்கு இன்ஜின் சூடாகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். ரைட்டர் ஐயா ரெடியாகிக் காத்திருப்பார், வைத்தியத்துக்கு நேரம் ஆகிறது என்று அவளும் கிளம்பிவிட்டாள். இறங்கும்போது பிரேக்தான் வேலை, ஒன்றும் ஆகவில்லை. திரும்பி ஏறும்போது ஒரு வளைவில் கீழே இறங்கிய பஸ்ஸும் மேலே போன லாரியும் மாட்டிக்கொண்டு, பின்னால் இவள் மேட்டில் நிற்க வேண்டியதாகிவிட்டது. வழி விட்டதும் எடுத்திருக்கிறாள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது, பிரேக் போட்டதில் இன்னொரு குலுக்கல். மறுபடி எடுத்தாள், மறுபடி அதேதான். பின் சீட்டில் ரைட்டர் ஐயா போட்ட சத்தத்தில் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்களாம். சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, பத்துப் பேர் தள்ளி வண்டியைத் திருப்பி, மறுபடி சேலம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்து, தகடு நகரவில்லை, ஆனால் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தகடு நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸாக இருக்கிற உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

சாயங்காலம் வீடு வந்தவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள், கேபிள் பழைய ஓட்டையில் இருக்கிறது. இது எப்பிடிங்க ஆச்சு என்று கேட்டாள். என் வாயில் அந்த நேரத்தில் உண்மை வந்திருந்தால் பாதிப் பாவம் குறைந்திருக்கும். மரியஜோசப் வேலை அவ்வளவுதான், ஒழுங்காக மாட்டாமல் ஏமாற்றியிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பினாள். புருஷன் சொன்னதை நம்பாமல் வேறு என்ன செய்வாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு நோயாளி உசுரோட விளையாடியிருக்கான், அவன் கடை வாசல்லயே நின்னு நாலு பேரு கேக்கக் கேக்கறேன் பாருங்க என்றாள். நானும் பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். மரியஜோசப்பை நினைத்துப் பார்த்தேன். கார்புரேட்டர் கைக்குச் சேர்த்த அந்தத் தகட்டை அவர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அரம் போட்டுத் தேய்த்தார் என்று அவளே சொல்லியிருந்தாள். பஸ் வந்து நின்றது, அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். வேலு, அவர் இல்லை, நான்தான் மாற்றினேன் என்று சொன்னேன். கண்டக்டர், ஏறுறீங்களா இல்லையாம்மா என்று கத்துகிறார். அவள் காலை எடுத்துக்கொண்டாள், பஸ் போய்விட்டது. ஏன் என்று அவள் கேட்கவில்லை அமுதா. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். நின்று என்னைப் பார்த்துவிட்டு, ரைட்டர் ஐயா கிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க, புள்ளைக்கும் நீங்களே எழுதுங்க, என்ற வாயில இருந்து ஒருத்தருக்கும் வராது என்று சொல்லிவிட்டு ஊட்டுக்கு நடந்தாள். நாலு நாள் பேச்சு இல்லை, சோறு மட்டும் வந்தது.

ரைட்டர் ஐயாவிடம் அடுத்த நாளே போனேன். குப்புறப் படுத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை முகத்தைத் திருப்பவில்லை. பிறகு, ஏஞ்சாமி, நான் அவளை வரச் சொன்னதுக்கா என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன். அப்புறம், மூணு வாரம் கழிச்சு வண்டி கொண்டா, அவ ஓட்டட்டும், நீ பின்னாடி, என்ற பக்கத்துல உக்காந்து முதுகுக்குக் கை குடுத்துக்கிட்டு வா என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கேபிளை மறுபடி நுனி ஓட்டையில் நானே என் கையால் மாட்டி, கிளட்சையும் அவள் காலுக்குச் சரியாக வரும் வரை திருகிக் கொடுத்தேன். அவள் வண்டியில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மட்டும் சொன்னாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் பேசினது அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை போய் வந்தோம். தலையணைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் என் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருபது வளைவும் ஏறினேன். ஆறு இடத்தில் நின்று எடுத்தாள். என் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, ரைட்டர் ஐயா ஒரு வளைவில் தூங்கியே போனார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசை, ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். எரிந்தது கண்ணு. கையை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டேன். இப்போது தினமும் காலையில் பனி விலகினதும் எஸ்டேட் ரோட்டு மேட்டில் போய் எடுத்து எடுத்துப் பழகுகிறேன். ஆரம்பத்தில் பத்துக்கு எட்டுத் தடவை ஆஃப் ஆனது. முந்தாநாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினேன், எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பரவாயில்லை என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நீ கேட்ட போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நான்தான் எடுத்தேன், அம்மா தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, அது வேண்டுமென்று செய்ததில்லை. இதைப் படித்துவிட்டு அப்பாவை எப்படி நினைப்பாயோ, எதுவானாலும் மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுது. டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, துணைக்கு ஆள் சேர்த்துக்கொள். பல் வலிக்கு டாக்டரிடம் காட்டினாயா இல்லையா என்று மறக்காமல் எழுது. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. சென்றாயன்

கண்ணு அமுதா, அம்மா எழுதறேன். கவரை ஒட்டிப் போஸ்ட் பண்ணச் சொல்லி என்ற கையில குடுத்துட்டு அப்பா ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு. எல்லாம் படிச்சேன், அத்தனையும் நெசந்தான். முந்தாநாள் நான் பின்னாடி கண்ண மூடி உக்காந்திருந்தேன். மேட்டுல நிறுத்தினாரு, வண்டி இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்குதுன்னு நெனச்சுக் கண்ணத் தொறந்தா மரமெல்லாம் பின்னால போயிக்கிட்டு இருக்குது. என்னால கூட அப்பிடி எடுக்க முடியாது சாமி. பரவாயில்லைன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு மனசு வரல. நீயும் இத அப்பாவுக்கு எழுதிராத.