மத்தியாஸ் சொல்லித்தான் தெரிஞ்சுது

ஆம்பூர்
ஆகஸ்ட் 18, திங்கள்

அன்பு மகள் பெர்சிஸுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில அப்பாவும் நானும் சுகமா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆசேரும் அங்க சுகமா இருக்கணும்னு தினமும் உங்க மூணு பேர் பேரையும் சொல்லி ஜெபம் பண்ணிட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறேன். போன்ல பேசாம அம்மா இன்னாத்துக்கு கடிதாசி எழுதறான்னு நினைப்பே. போன்ல ஆரம்பிச்சா நீ பேச்சை மாத்திடுவே, இல்லன்னா டவர் போய்டும். அதான் எழுதி, வியாழக்கிழமை உங்க ஊருக்குக் கிளம்பற மத்தியாஸ் கையிலயே கொடுத்து அனுப்பறேன். வேலையெல்லாம் முடிச்சுட்டு உக்காந்து நிதானமா படி.

முதல்ல உண்மையைச் சொல்லிடறேன். ஜூன் மாசம் நீ போன் பண்ணி, என் க்ளாஸ்ல படிக்கிற ஒலிவான்னு ஒரு பொண்ணுக்கு இதயத்துல ஓட்டை, வேலூர்ல ஆபரேஷனுக்கு தேதி கிடைச்சிருக்கு, அவளும் அவ அப்பா மத்தியாஸும் வர்றாங்க, ஸ்கூல் நடக்கறதால எங்களால கூட வர முடியல, நீங்கதான் பார்த்துக்கணும்னு சொன்னப்போ எனக்குப் பிடிக்கல. ஆறு வருஷமா பெத்த பொண்ணையே கண்ணுல காட்டாத பாப்புவா நியூ கினிலேர்ந்து யாரோ ரெண்டு பேர் வந்து நம்ம வீட்ல தங்கணுமான்னு அப்பா கிட்ட முணுமுணுத்தேன். அப்பா நேரா சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய் கூட்டிட்டு வந்துட்டார். வாசல்ல வந்து நின்ன மத்தியாஸைப் பார்த்து தெருவே வெளிய வந்துடுச்சு. நம்ம கதவுக்குக் குனிஞ்சு நுழையற உயரம், சுருட்டை முடி, தாடி, தேஞ்சு போன ரப்பர் செருப்பு. அப்பா மறுநாளே அவரைக் கூட்டிக்கிட்டு ஷூ வாங்கக் கிளம்பினார். ஊர் முழுக்க ஷூ பண்ற ஊர்ல அவர் கால் அகலத்துக்கு ஒரு ஜோடி கிடைக்கல, நான் இருபத்தாறு வருஷம் செக்கிங்ல வேலை பார்த்த கம்பெனியில கூட கேட்டுப் பார்த்தோம். அவர் சிரிச்சுக்கிட்டு அதே செருப்போட திரும்பி வந்தார். முதல் நாள் வாசல்ல வந்து நின்னப்போ ஒலிவா அவர் முதுகுல தூங்கிட்டிருந்தா. பதினொரு வயசுன்னு நீ சொன்னே, பார்த்தா எட்டு கூட சொல்ல முடியாது, உதடு ரெண்டும் நாவப்பழம் தின்ன மாதிரி நீலம். நான் இறக்கி மடியில வச்சப்போ அவ நெஞ்சு என் கைக்குள்ள படபடன்னு அடிச்சுக்கிச்சு. அந்த நிமிஷத்தோட என் முணுமுணுப்பு நின்னு போச்சு.

ரெண்டாம் நாள் காலையில நான் இட்லிக்கு ஊத்திட்டிருக்கேன், பின்னாலேர்ந்து பாட்டு கேக்குது. நீ சின்ன வயசுல சர்ச்ல பாடற பாட்டு, உன் ஏத்த இறக்கத்தோட, நீ எப்பவும் தப்பா இழுக்கற இடத்துல அதே மாதிரி இழுத்து. திரும்பிப் பார்த்தா அந்தப் பொண்ணு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாடுது. தமிழ்ல அர்த்தம் ஒண்ணும் தெரியாது. டீச்சர் சாயங்காலம் பாடுவாங்க, எங்க எல்லாருக்கும் தெரியும்னு இங்கிலீஷ்ல சொன்னா. அவளுக்குத் தெரிஞ்ச மத்த தமிழ் உக்காரு, கையக் கட்டு, போதும், இவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஹலீமா பீ பார்க்க வந்து அவங்க வழக்கம் போல பேசிக்கிட்டே இருக்கவும், இவ மரியாதையா போதும், கையக் கட்டுன்னுட்டா. ஹலீமா பீ நிஜமாவே கையைக் கட்டிட்டு உக்காந்துட்டாங்க. அன்னிலேர்ந்து அவங்களுக்கு இவ மேல உசுரு. சக்கரவள்ளிக் கிழங்குதான் அவங்க ஊர்ச் சாப்பாடுன்னு கேள்விப்பட்டு தினமும் வேக வச்சு எடுத்துட்டு வருவாங்க. மத்தியாஸும் வெத்தலை பாக்கு போடறவர், ஹலீமா பீயும் போடறவங்க. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது, ஆனா மத்தியானம் ரெண்டு பேரும் வாய் சிவக்க எதிரெதிரா உக்காந்து அவங்கவங்க பாஷையில பேசிக்குவாங்க. அது எப்படி நடக்குதுன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

என் ஃபேக்டரி இங்கிலீஷும் மத்தியாஸோட இங்கிலீஷும் ஒரு மாதிரி ஒத்துப் போச்சு. உங்க வீட்டைப் பத்தி நீ ஆறு வருஷத்துல சொல்லாததை அவர் ஆறு நாள்ல சொன்னார். உன் க்ளாஸ்ல அறுபத்தி ரெண்டு பிள்ளைங்களாம். மழைக்காலத்துல சேத்துல நடந்து வர்ற பிள்ளைங்க காலைக் கழுவ வாசல்ல தண்ணி வச்சுட்டு நிப்பியாம். காய்ச்சல்ல விழற பிள்ளை வீட்டுக்கெல்லாம் ரசம் கொடுத்து விடுவியாம், அதுக்கு டீச்சர் தண்ணின்னே பேராம். மாப்பிள்ளை கணக்கு சொல்லிக் கொடுத்துட்டு, மிச்ச நேரம் ஜெனரேட்டர் கீழ படுத்துக் கிடப்பாராம். ஆசேர் தென்னை மரம் ஏறுவானாம், அவங்க பாஷையிலதான் கனவு கூட காண்பான்னு சொன்னார். ஸ்கூல் மேட்டு மேல இருக்கறதால ஒலிவாவால ஏற முடியாதுன்னு மாப்பிள்ளை மூணு வருஷமா தினம் காலையில அவளை முதுகுல தூக்கிட்டுப் போவாராமே. நாங்க மாப்பிள்ளையை மூட்டை தூக்கியே பழக்கமில்லாத ஆளுன்னு கேலி பண்ணியிருக்கோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஜூலை எட்டாம் தேதி ஆபரேஷன்னு வேலூர் ஆஸ்பத்திரியில சொல்லி, அதுக்கு முன்னாடி ரத்தம் கொடுக்க எட்டு பேர் வேணும்னாங்க. அப்பாவுக்கு வயசு தாண்டிடுச்சு, எனக்கு சுகர். சர்ச்ல சொல்லி மூணு பேர் வந்தாங்க. ஹலீமா பீ பையன் முஸம்மில் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன் வாட்ஸப்ல போட்டிருக்கான், வெள்ளிக்கிழமை கம்பெனி வேன்ல ஒம்போது பேர் வந்து இறங்கிட்டாங்க. அதுல ஸ்டிச்சிங் ஜோதியும் ஒருத்தி. யார் பொண்ணு, எந்த ஊர், எந்த மதம்னு ஒருத்தர் கேக்கல. அந்த வரிசையில முதல் ஆளா நின்னவர் மத்தியாஸ். மலேரியா இருக்கற ஊர்லேர்ந்து வந்தவங்க கிட்ட எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு ரத்தம் எடுக்கற சிஸ்டர் தன்மையாத்தான் சொன்னாங்க. அவருக்குப் புரியல. நான் எடுத்துச் சொன்னேன். அந்தப் பெரிய உடம்பு அப்படியே பெஞ்சுல உக்காந்துடுச்சு. என் முகத்தைப் பார்க்காம சொன்னார், உங்க பொண்ணுக்கு என் ரத்தம் நல்லா இருந்துது, என் பொண்ணுக்கு மட்டும் எப்படி ஆகாமப் போச்சுன்னு.

எனக்கு காதுல சரியா விழலன்னு நினைச்சேன். எந்தப் பொண்ணுக்குன்னு கேட்டேன். டீச்சர் பெர்சிஸுக்குன்னார். அதுக்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியாதுங்கறது அவருக்குத் தெரிஞ்சுது. அவர் எழுந்து போகப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பிடிச்சு உக்கார வச்சு, சொல்லுங்கன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன், தப்பு இருந்தா நீ திருத்து. ரெண்டு வருஷம் முன்னாடி மழையில ரோடு அடிச்சுட்டுப் போச்சு. கடல்ல அலை ஜாஸ்தி, படகு எடுக்க முடியல. உனக்கு அஞ்சாம் மாசம், ரத்தம் நிக்காம போய்ட்டிருந்துது. க்ளாஸ் ரூம் கதவைக் கழட்டி அது மேல உன்னைப் படுக்க வச்சு, மாப்பிள்ளையோட சேர்த்து பதினாறு பேர் தோள் மாத்தித் தோள் மாத்தித் தூக்கிட்டு நடந்தாங்க. ஆத்துல தண்ணி கழுத்து வரைக்கும் வந்தப்போ கதவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சாங்க. தண்ணி இழுக்கற பக்கம் நின்னவர் இவர். இவர் பொண்டாட்டி ஆசேரை இடுப்புல கட்டிக்கிட்டு கரையிலயே நின்னு ஜெபம் பண்ணாங்க. எட்டு மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில ரத்தம் இல்ல. பதினாறு பேரும் ஈரத்தோட வரிசையில நின்னு கையை நீட்டினாங்க, இவரோடதும் இன்னொருத்தரோடதும் சேர்ந்துது. நீ பிழைச்சே. குழந்தை பிழைக்கல. பொண்ணு.

அந்தச் சமயத்துல ஒரு மூணு வாரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ போன் பண்ணல. மாப்பிள்ளை ஒரு தடவை பேசி, டவர் விழுந்துடுச்சு, பெர்சிஸுக்கு லேசா காய்ச்சல்னார். அப்புறம் நீ பேசினப்போ, அப்பா பொறந்த நாளுக்குக் கூட ஒரு வார்த்தை பேச உனக்கு நேரமில்லையான்னு நான் எவ்வளவு திட்டினேன். நீ சாரிம்மான்னு மட்டும் சொன்னே. எப்படிம்மா உன்னால முடிஞ்சுது. மத்தியாஸ் சொல்லி முடிச்சதும் எனக்கு முதல்ல உன் மேல கோபம்தான் வந்துது, பொய் சொல்லல. பெத்தவகிட்ட மறைக்கற விஷயமா இது. அப்புறம் நீ சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். மூட்டை முடிச்சோட உடனே கிளம்பி வந்துடுன்னு அழுதிருப்பேன். அதுக்குத்தான் நீ சொல்லலன்னு புரிஞ்சுது. மத்தியாஸ் இன்னொண்ணும் சொன்னார். அவங்க ஊர்ல நிலத்தை வெளியாளுக்குக் கொடுக்கறதே கிடையாதாம். அன்னிக்கு அவர் வம்சத்து ஆளுங்க எல்லாம் கூடிப் பேசி, சர்ச் பக்கத்துல அவங்க முன்னோர் இருக்கற மண்ணுல உன் குழந்தைக்கு இடம் கொடுத்தாங்களாம். அந்த இடம் இனி டீச்சர் குடும்பத்தோடது, நீங்க எங்க மண்ணுக்காரங்கன்னு சொல்லி என் கையையும் பிடிச்சார். அவர் பொண்டாட்டி வாரா வாரம் அங்க புல் பிடுங்கி, பூ வைக்கறாங்களாம். பெர்சி, எங்க வம்சத்துல எங்களுக்கு முன்னாடி யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்ல. லைன் வீட்டுலயும் ரயில்வே க்வார்ட்டர்ஸ்லயும் வாழ்ந்து, இந்த வீட்டைக் கட்டவே எங்க ஆயுசு போச்சு. கடல் தாண்டி ஒரு ஜனம் நமக்கு மண்ணு கொடுத்திருக்கு. நான் அந்த பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்ணேன். அப்பா மத்தியாஸ் கையைப் பிடிச்சவர் விடவே இல்ல, ரத்தம் கொடுத்த பிள்ளைங்க எல்லாரும் ஜூஸ் குடிச்சுட்டு வெளிய வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்துது. அந்த ஆறு மணி நேரமும் மத்தியாஸ் உக்காரவே இல்ல. டாக்டரம்மா வெளிய வந்து, ஓட்டையை அடைச்சாச்சு, இதயம் அது பாட்டுக்கு நல்லா ஓடுதுன்னாங்க. நல்லா ஓடுதுன்னு நான் இங்கிலீஷ்ல சொல்ல, அவருக்கு நம்பிக்கை வராம டாக்டரம்மாவையே மூணு தடவை சொல்ல வச்சார். மறுநாள் ஐசியூல பார்க்க விட்டாங்க. உடம்பெல்லாம் ட்யூப். ஆனா பெர்சி, உதடு செவப்பா இருந்துது. ஒரே ராத்திரியில அந்த நீலம் எங்க போச்சுன்னு தெரியல. பதினொரு வருஷமா தன் பொண்ணு உதட்டோட நிஜ நிறத்தைப் பார்க்காத அப்பன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். அவ உடம்புல இப்ப முஸம்மில் ரத்தம் இருக்கா, ஜோதி ரத்தம் இருக்கா, சர்ச் பிள்ளைங்க ரத்தம் இருக்கா, யாருக்குத் தெரியும். உன் உடம்புல மத்தியாஸ் ரத்தம். நான் படிச்சது எட்டாங்க்ளாஸ். இதையெல்லாம் எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியல, கர்த்தருக்குத் தெரியும்.

இப்ப வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகுது. போன வாரம் செக்கப்ல இனி ப்ளேன்ல போலாம்னுட்டாங்க. நேத்து சர்ச் முடிஞ்சு வந்ததும் நான் மாடியில துணி எடுக்கப் போனேன், பின்னாலயே ஒலிவா வந்துட்டா, நடுவுல எங்கயும் நிக்காம, மூச்சு வாங்காம. மேல வந்து நின்னு கீழ பார்த்து, அவ அப்பாவைக் கூப்பிட்டா. மத்தியாஸ் கீழ்ப் படியில நின்னு, ஏறவும் இல்ல, இறங்கி வான்னும் சொல்லல, முகத்தை மூடிக்கிட்டு நின்னார். இந்தப் பக்கம் ஹலீமா பீ அவங்க வீட்டு மாடியிலேர்ந்து பார்த்துட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் நீலப் பையில இருக்கு, மாத்திரை எப்ப எப்ப கொடுக்கணும்னு அப்பா பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கார், நீ ஒரு தடவை பார்த்துக்கோ. மேடு ஏறலாம், ஆனா மூணு மாசத்துக்கு ஓட வேணாம், களைச்சுப் போனா மாப்பிள்ளை முதுகு அதுவரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன். கூட ரசப்பொடி ரெண்டு கிலோ வச்சிருக்கேன், ஈரம் படாம வை. உன் உடம்பையும் பார்த்துக்கோ, இரும்புச் சத்து மாத்திரை போடறியா இல்லையான்னு இனிமே நேராவே கேப்பேன், மழுப்பாம பதில் சொல்லு.

ஆறு வருஷமா ஒவ்வொரு போன்லயும் எப்ப திரும்பி வர்றே, இங்க ஸ்கூலே இல்லையான்னு கேட்டு உன்னைப் பேஜார் பண்ணியிருக்கேன். இனி கேக்க மாட்டேன். அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கார், ரெண்டு பேருக்கும். வர்ற வருஷம் உங்க ஸ்கூல் லீவுல நாங்க அங்க வர்றோம். நான் அந்த ஆத்தைப் பார்க்கணும், அந்தப் பதினாறு பேர் வீட்டுக்கும் போகணும், அந்த மண்ணுல கொஞ்ச நேரம் உக்காரணும். உங்க மூணு பேரையும் உங்க அறுபத்தி ரெண்டு பிள்ளைங்களையும் ஆண்டவர் தன் உள்ளங்கையில வச்சுக் காக்கட்டும். அப்பாவோட ஆசீர்வாதமும் ஆசேருக்கு எங்க முத்தமும்.

ஒண்ணு மட்டும் மறக்காம எழுது. குழந்தைக்கு நீங்க வச்ச பேரை மத்தியாஸ் சொல்ல வந்தார், நான் வேணாம்னு தடுத்துட்டேன். என் பேத்தி பேரை என் பொண்ணு சொல்லித்தான் நான் கேக்கணும்.

உன் அம்மா,
லில்லி ரூபாவதி