நாம் எழுதிக் கொடுத்த பட்டியல்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். மார்கழிக் குளிரில் உறைந்து போயிருந்தது. வெயில் பட்டு இளகும்வரை அங்கேயே நின்றேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். கைப்பையில் எண்ணெய் பாட்டிலோடு அலைந்த வக்கீல், தாம்பரம் கோர்ட்டில் நீங்கள் ஒருவர்தான்.

படப்பையில் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகைகளில் பதினொரு குடும்பங்கள் இருந்தன. பர்மாவில் தங்கள் ஊர் எரிந்தபின் ஓடிவந்த ரோஹிங்யாக்கள். அவர்களை அகதிகளாகப் பதிவு செய்ய வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு மனு தயார் செய்தோம். நான் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பட்டியல் எழுத என்னைக் கூட்டிப் போனீர்கள்.

பெயர், வயது, எத்தனையாவது கொட்டகை, எங்கே வேலை. எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கியதும், ஒவ்வொருவர் கட்டைவிரலையும் எண்ணெய் தொட்டு நீங்களே துடைத்துவிட்டீர்கள். மையோடு சோறு தின்ன வைக்கக் கூடாது என்பீர்கள். எட்டாம் கொட்டகை ஹசீனா இங்கே குப்பை பொறுக்கியே தமிழ் கற்றவள்.

“இன்னா வக்கீலக்கா, கைய வுட மாட்டேன்ற? எம் புருசன் பாத்துகினு கீறாரு” என்றாள்.

ரஃபீக் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டான். நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

கடைசியாக இன்னொரு கட்டமும் போடச் சொன்னீர்கள்: வீட்டில் இருக்கும் நேரம். அது இல்லாவிட்டால், விசாரணைக்கு வருகிறவர் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுவார், நம் மனு அதோடு முடிந்துவிடும். இருபது வருடம் அலுவலகங்களில் ஏறி இறங்கிய உங்களுக்கு அது தெரியும். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. “இவ்வளவு விவரம் வேணுமா அக்கா?” என்று கேட்டேன்.

“பேப்பர்ல இல்லாதவங்களத் தூக்கிட்டுப் போனா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னுடுவாங்கடி. எழுது.”

எழுதினேன். காலை ஐந்து முதல் ஆறரை வரை.

மனு கொடுத்து மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை ஐந்தேகாலுக்குப் போலீஸ் வேன்கள் வந்தன. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகக் கதவைத் தட்டினார்கள். ஆண்களை மட்டும் ஏற்றினார்கள். ஹசீனா போனில் அழவில்லை. “அக்கா, அவுங்க கைல இருந்தது நீ எழ்துன பேப்பருதான். ஜெராக்ஸு” என்று மட்டும் சொன்னாள்.

நாம் இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று உங்களுக்கு நாற்காலி போட்டார். “இவ்ளோ நீட்டா லிஸ்ட் எங்க ஆளுங்களே போட மாட்டாங்க மேடம். டைமிங் உட்பட. ரொம்ப தேங்க்ஸ்” என்றார். அவர் கேலிதான் செய்தார் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். உண்மையாகவே நன்றி சொல்லியிருந்தால் அதைத் தாங்க முடியாது.

அதன்பின் நீங்கள் போட்ட மனுக்கள் எத்தனை. எல்லாம் வாய்தா. ரஃபீக்கையும் மற்றவர்களையும் ரயிலில் வடக்கே கொண்டுபோய் எல்லையில் தள்ளிவிட்டதாகக் கேள்வி. காகிதத்தில் அவனுக்கு எட்டாம் எண் இருந்தது. அப்படி ஒரு ஆள் எங்கள் காவலில் இல்லை என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலை நீங்கள் மடிக்கவே இல்லை, மேசைமேல் விரித்தபடியே வைத்திருந்தீர்கள். அடுத்த மாதம் உங்கள் இதயம் நின்றது. டாக்டர் சர்க்கரை என்றார்.

இப்போது மிச்சமிருக்கும் பெண்களைத் தேடுகிறார்கள். ஹசீனா தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் இருக்கிறாள். பெயரை மாற்றிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். நேற்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. “மேடம், நீங்கதான அந்த லிஸ்ட் எழுதினது? எட்டாம் நம்பர் லேடி எங்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திங்கக்கெழமை வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

உங்களிடம் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஹசீனா தன் பெரியவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயதில் ஒன்றைக் குறைத்துப் போடக் கெஞ்சியபோது நீங்கள் மறுத்தீர்கள். “நம்மகிட்ட வேற என்ன இருக்கு? பொய் இல்லாத பேப்பர் மட்டும்தான். ஒரு பொய் மாட்டினா, மத்த பத்து குடும்பத்துக்கும் சேர்த்து மூடிடுவாங்க.” அந்தப் பெண் பள்ளிக்கே போகவில்லை.

நீங்கள் சொன்னது தப்பென்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையை மதிக்கும் யாரோ ஒருவர் மனு வாங்கும் மேசைக்கு எதிரே இருப்பார் என்று நம்பினீர்கள். நானும் நம்பினேன். இன்று அப்படி யாரும் இல்லை, வருவார்கள் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பதினொரு குடும்பத்துப் பெயர்களும் வரிசை மாறாமல் எனக்குள் இருக்கின்றன. பேருந்தில் உட்கார்ந்தால் தானாக ஓடுகின்றன.

திங்கட்கிழமை போவேன். எனக்குத் தெரியாது என்று, அதே அச்சடித்த எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கண்டுபிடித்தால் என் வேலை போகும். நம் பெயரில் இனி எந்த மனுவும் நிற்காது, நீங்கள் போட்ட பழையவையும்கூட. அதற்குப் பிறகும் ஹசீனாவைப் பிடிக்க எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. ஹசீனாவுக்கும் தெரியாது.