அத்தான் படத்தைச் சுற்றி மல்லிகை

18 ஜூன் 2025, புதன்

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். நாளைக்கு எவனும் இல்லை என்று சொல்லக்கூடாது, அதற்காகத்தான் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். இந்த மருதையன் சொன்னான், நடந்தது. அவ்வளவுதான்.

பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டு எடுத்தேன். அது வேறு விஷயம்.

இன்று அத்தானுக்குப் பிறந்தநாள். அம்சம் அக்காவின் வீட்டுக்காரர், குஞ்சிதபாதம். அடுத்த தெருவில்தான் வீடு. அவருக்காக என் ஆர்ட் ஜர்னலில் ஒரு பக்கம் செய்தேன். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது அவர் மகள் வானதி. சிங்கப்பூரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தவள், என் பேச்சைக் கேட்டு மாளாமல் ஒரு கெட்டி அட்டை நோட்டைக் கையில் திணித்து, "மாமா, பேசறதையெல்லாம் இனிமே இதுல ஒட்டுங்க" என்றாள். தாளுக்கு முதலில் வெள்ளை பூச வேண்டும், அதன்மேல் சாயம், அதன்மேல் துணி, காகிதம், பூ, கையில் கிடைத்தது எல்லாம், அதற்கும் மேலே எழுத்து. எட்டாவதைத் தாண்டாத நான் ஆறே மாதத்தில் அவளை மிஞ்சிவிட்டேன். பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் இதைச் செய்யும் ஆம்பிளை நான் ஒருவன்தான். குடவாசலில் எனக்குச் சாயமும் பசையும் விற்கும் பக்கீர் முகம்மதுவே அப்படிச் சொன்னார். சொன்னார் என்றால், நான் சொன்னதை மறுக்கவில்லை.

அத்தான் பக்கத்துக்குத் தாளை டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். பீர்க்கங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து ஒற்றினேன், அச்சு அசலாக நாற்றங்கால். கீழே பசை தடவி உமியைத் தூவினேன். நடுவில் அவர் போட்டோ. போட்டோவைச் சுற்றி, அமுக்கிக் காயவைத்த மல்லிகை. அடியில் "தோற்றம்: 18.6.1961". பிறந்த தேதி என்று போட்டால் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் மாதிரி இருக்கிறது. தோற்றம் என்றால் ஒரு கம்பீரம். கடைத்தெருச் சுவரில் எத்தனை போஸ்டரில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் போஸ்டரெல்லாம் எதற்கு ஒட்டினவை என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

காலையில் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன். திரும்பினால் அக்கா வீட்டு வாசலில் கார். ரோஜா மாலையோடு இறங்குகிறார் கோவிந்தராசு, அத்தானுடைய சம்பந்தி, வானதியின் மாமனார். தெரு முனையிலிருந்தே பெண்கள் அழுதுகொண்டு வருகிறார்கள். உள்ளே அத்தான் பனியனோடு நாற்காலியில். கையில் ஓமத்தண்ணீர். விடிந்ததிலிருந்து நெஞ்சைக் கரிக்கிறதாம், வாயு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறார். பனியன் நனைந்து ஒட்டிக்கிடக்கிறது.

"யாருக்கு சம்பந்தி மாலை?" என்று அவர்தான் கேட்டார்.

யாரோ போனை நீட்டினார்கள். பார்த்தார். வாசற்படியில் சேற்றுக் காலோடு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தோற்றம் போட்டுட்ட. மறைவு எங்க மச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும் முன்னாலேயே கை நெஞ்சுக்குப் போனது, டம்ளர் விழுந்தது. துக்கம் கேட்க வந்திருந்த நர்ஸ் மாலதி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வாயு இல்ல. வண்டிய எடுங்க" என்றாள். மாலை வந்த காரிலேயே அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டில் அவர், அக்கா, அந்த மாலை. அதை எடுத்து வெளியே போட வேண்டும் என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

19 ஜூன்

கண் விழித்தார். இன்னும் அரை நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். ஆக, காப்பாற்றியது யார்? ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தவனெல்லாம் என்னைத் திட்டுகிறான். உயிரோடிருக்கிற மனுஷன் படத்துக்குப் பூ வைப்பியா, படிச்சவன் செய்வானா என்று.

அப்போதுதான் கனவைச் சொன்னேன். பிறந்தநாளுக்கு முந்தின நாள் விடியலில் வந்தது. அத்தான் வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்கிறார், கழுத்தில் மல்லிகை. என்னைப் பார்த்துக் கை காட்டுகிறார். அந்தப் பூவைத்தான் அப்படியே ஒட்டினேன். எச்சரிக்கையாக.

திட்டினவர்கள் வாயடைத்துவிட்டார்கள். கோவிந்தராசு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

20 ஜூன்

இன்று எதுவும் ஒட்டவில்லை.

21 ஜூன், சனி

வானதி சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டாள், கைக்குழந்தையோடு. அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. நானே போய், ஏர்போர்ட்டில் கூட்டமா, பிள்ளை பால் குடித்ததா என்று ஆரம்பித்தேன்.

"மாமா, உங்க ஸ்டேட்டஸ நான் அங்க பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் பாத்தேன்" என்றாள். "அம்மாவுக்குப் போன் போட்டா எடுக்கல. உங்களுக்குப் போட்டேன், நீங்களும் எடுக்கல. அங்க நின்னுக்கிட்டிருக்கேன், எங்கப்பா செத்துட்டாரு."

கனவைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போட முடியாது. அத்தான் முடியாது என்றுவிட்டார். இருக்கிற நாள் இருந்துவிட்டுப் போகிறேன், என்னைப் பிளக்க வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா அழுதாள், வானதி கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

என்னைத் தனியாகக் கூப்பிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, திட்டத்தான் என்று நினைத்தேன். கனவைப் பற்றிக் கேட்கிறார். யாரோ காதில் போட்டிருக்கிறார்கள்.

"அக்கரையில நின்னேனா?"

ஆமாம் என்றேன்.

"இக்கரைக்கு வந்தேனா?"

அந்த இடம்வரை நான் யோசித்தே இருக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். என் அத்தான் கண் இல்லை அது. கதிர் முற்றின வயலில் மழை இறங்கினபோதுகூட அவர் இப்படிப் பார்த்தது கிடையாது.

"வந்தீங்க அத்தான். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தண்ணியில எறங்கியே வந்தீங்க. வந்து சாப்பிட ஒக்காந்தீங்க. மீன் கொழம்பு. உப்பு இல்லன்னு அக்காவ வஞ்சீங்க."

அத்தான் சிரித்தார். "வஞ்சேன்னா நான்தான். சரி, டாக்டரக் கூப்பிடு."

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்! வராந்தாவுக்கு ஓடிவந்து மார்தட்டிக்கொண்டேன். எத்தனை பேர் சொல்லியும் கேட்காத மனுஷன், மருதையன் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டார் என்று. அக்கா என்னைக் கும்பிட்டாள். வயதில் மூத்தவள், என்னைக் கும்பிட்டாள்.

பிறகு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். காப்பி ஆறிப்போயிற்று. அவர் எதை நம்பி உள்ளே போகப்போகிறார்?

24 ஜூன், செவ்வாய்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடும் முன் என்னைப் பார்த்து, "மீன் கொழம்பு" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

அக்கா என்னை விட்டு நகரவில்லை. கனவைச் சொல்லு, சொல்லு என்கிறாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது கத்திரிக்காய்க் குழம்பு என்று வாயில் வந்துவிட்டது.

"முன்ன மீனுன்னியே தம்பி?"

ரெண்டும் இருந்துச்சுக்கா என்றேன். அதையும் நம்பினாள். நம்பாமல் ஒரு வார்த்தை வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எதிர் பெஞ்சில் வானதி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வராமல் போனால்? உள்ளே அனுப்பினது டாக்டரா நானா? சாமி, என்னடா மருதையா செஞ்சு வச்சிருக்க. இதுக்குத்தானா ஒனக்கு இந்த வாயி.

அதே நாள், சாயங்காலம்

வந்துவிட்டார். நினைவு திரும்ப நேரமாகும், ஆனால் வந்துவிட்டார். கோவிந்தராசு என்னைப் பிடித்து உட்காரவைத்தார். என்னத்துக்கு மாமா நடுங்கறீங்க, உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே என்றாள் வானதி. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளா, வேறு மாதிரி சொன்னாளா — எனக்குத் தெரியவில்லை.

2 ஜூலை

கோவிந்தராசு தன் படத்துக்கும் இப்படி ஒரு பக்கம் செய்துதரச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தவர்களும் கேட்கிறார்களாம். பூ வைத்தே செய்ய வேண்டுமாம். கண்டம் கழிகிறதாம். பசை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். பக்கீர் முகம்மது கடையில் பசை தீர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

9 ஜூலை, புதன்

அத்தான் வீட்டுக்கு வந்தாயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருமுகிறார். பத்தியச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அக்காவை வைதார். அக்கா சமையலறையில் நின்று அழுதாள், சந்தோஷத்தில். கனவு பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. சொன்னது நான் இல்லை. இந்தத் தடவை நான் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். உமியை விரலால் தடவினார். நாற்றங்கால் நல்லா வந்திருக்கு என்றார். தோற்றத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தொட்டு, "இத இப்படியே வுடு" என்றார். பிறகு அவர் நகம் பட்டு, வலது பக்கத்து மல்லிகை ஒன்று பெயர்ந்து மடியில் விழுந்தது.

"என் காது எங்க மச்சான்?"

எனக்குச் சொல்ல நூறு வழி இருந்தது. கனவில் காது தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கரையான் மேல் பழி போட்டிருக்கலாம். நான் நோட்டின் ஓரத்தை நீவி நேராக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். மடியில் விழுந்த பூவை எடுத்து, காது இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பசையக் கொண்டா. வானதி வர்றதுக்குள்ள ஒட்டிடு."

ஒட்டிவிட்டு வந்தேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். போட்டோவை நறுக்கும்போது கத்திரி வழுக்கிக் காது போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் பூ வைத்தால் தெரிந்துவிடும் என்று சுற்றிலும் வைத்தேன். கனவு எதுவும் வரவில்லை. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.